மூன்றாவது கொட்டேஷன்

என் மனைவி பார்க்க ஆசைப்பட்ட ஒரே மலை எங்கள் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. எங்கள் கம்பெனிக்கு பேரிங் சப்ளை செய்த ஒருவர் புதுவருஷத்துக்குக் கொடுத்த காலண்டரின் ஜூலை மாதத் தாள் அது. வெள்ளை மலை ஒன்று நேராகக் கடலுக்குள் இறங்கி நிற்கும். மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே மண் கிடையாது, மரம் கிடையாது. இருபது வருடத்துக்கு முன்னால் அவள் அதைக் கத்தரித்து, அடுப்பு ஆவி படாத இடமாகப் பார்த்து, காப்பிப்பொடி வைக்கும் அலமாரிக் கதவின் உள்ளே ஒட்டினாள். அன்றிலிருந்து காலையில் அந்தக் கதவைத் திறந்ததும் மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பொடி டப்பாவை எடுப்பாள். நான் ஒருநாளும் அதை நின்று பார்த்ததில்லை.

நான் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில், பர்ச்சேஸ் டிபார்ட்மென்டில், முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன். அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு இருவரும் புனே வந்தோம். நிக்டியில் நாலாவது மாடியில் வீடு. ஒரே மகள், ஊரின் மறுகோடி ஹடப்சரில் ஐ.டி. வேலை, அங்கேயே ஃபிளாட். ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் எனக்குள் இருக்கும் பர்ச்சேஸ்காரன் ஓய்வு பெறவில்லை. மிக்ஸி வாங்கினாலும் மூன்று கடையில் விசாரிப்பேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் மூன்று ஜாதகம் கைக்கு வரும்வரை வாய் திறக்கவில்லை. அவள் தானே ஒருவனைப் பார்த்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இன்றைக்கும் வீட்டில் கேலி உண்டு.

மூன்று பேர் விலை எழுதித் தந்த மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஆணி கூட வாங்கக் கூடாது என்பது எங்கள் டிபார்ட்மென்டின் சட்டம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், மெஷின் நின்றுபோய்விட்டது என்று உற்பத்திப் பிரிவிலிருந்து ஓடிவந்து கெஞ்சினார்கள் என்பதற்காக, ஒரே ஒரு கொட்டேஷனை வைத்து ஆர்டர் போட்டுவிட்டேன். மெஷின் அன்றைக்கே ஓடியது. எனக்கு மெமோ வந்தது. 'யாருக்குச் சாதகமாக?' என்று ஒரு கேள்வி அதில். அந்த ஒற்றை வரி என்னை ஆயுளுக்கும் பிடித்து உட்கார வைத்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்றாவது கொட்டேஷனுக்காக நான் காத்திருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு ஆள் ஸ்கூல் படிப்பையே முடித்திருப்பான். அதை என் நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் மார்ச்சில் அவளுக்குப் புதுக் கண்ணாடி போடலாம் என்று சிஞ்ச்வட் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா கண்ணாடி எழுதித் தரவில்லை. ஒரு மெஷினுக்கு முன்னால் உட்காரச் சொன்னார். மோவாயை அதில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். இவள் மளமளவென்று அமுக்கினாள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா முகம் சுளித்து, இது நம்பும்படி இல்லை, திரும்பச் செய்யுங்கள் என்றார்.

"பாஸ் பண்ணணும்லா. அதான் தெரியாட்டாலும் குத்துமதிப்பா அமுக்கிட்டேன்" என்றாள் என் காதோரம்.

இரண்டாம் தடவை உண்மையாக அமுக்கினாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வந்து நடுவில் கொஞ்சம்தான் மிச்சம். வலிக்காது, அதனால் தெரியாது. போனது திரும்பாது, இருப்பதை எவ்வளவு நாள் காப்பாற்றலாம் என்று பார்ப்போம் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். அவர் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டே, சொட்டு மருந்தை ஒருவேளையும் விடக்கூடாது என்றார்.

ரிக்ஷாவில் திரும்பி வரும்போது, மெட்ரோவுக்காகத் தடுப்பு கட்டின ரோட்டில் வண்டி ஊர்ந்தது. பாதி வழியில் அவள் கேட்டாள்.

"ஏங்க, நம்ம காப்பிப்பொடி அலமாரில இருக்க மலை நெசமாவே எங்கயாவது இருக்கா?"

"இருக்கும். எங்கயாவது இல்லாமலா போட்டோ பிடிச்சிருப்பான்?"

"அப்போ இருட்டுததுக்குள்ள ஒரு தடவ போயி பாத்துட்டு வந்திருவோம்."

முப்பத்தைந்து வருடத்தில் அவளாக ஒரு இடத்துக்குப் போகலாம் என்று சொன்னது அன்றைக்குத்தான். திருச்செந்தூர், ஷீரடி, மகாபலேஷ்வர் எல்லாம் நான் சொல்லிப் போனவை. கையில் காசு இல்லாமல் இல்லை. அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

படத்தை மொபைலில் பிடித்து அனுப்பினோம். மகள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். அதே மலையோ அதன் தம்பியோ, அலாஸ்கா பக்கம். மே முதல் செப்டம்பர் வரைதான் கப்பல் போகும். இந்த வருடம் இரண்டு கப்பலில் இன்னும் இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்து டைனிங் டேபிளில் விரித்தாள்.

ஒன்று பெரிய கப்பல். பதினாலு மாடி. நீச்சல்குளம், நாடகக் கொட்டகை, நாள் முழுக்கச் சாப்பாடு, கேட்டால் சாம்பார் வரைக்கும் கிடைக்கும். மாடிக்கு மாடி லிஃப்ட். ஆனால் உடம்பு பெரிது என்பதால் மலைக்குக் கிட்டே போகாது. தூரத்தில் நின்று காட்டிவிட்டுத் திரும்பிவிடும். இன்னொன்று சின்னக் கப்பல். நூறு பேர் கூட ஏற முடியாது. அறை நம் பாத்ரூமைவிடக் கொஞ்சம் பெரிது. மணியடித்தால்தான் சாப்பாடு, அதுவும் அவர்கள் போடுவதுதான். செங்குத்தான படிகள். ஆனால் அது இரண்டு மலைக்கு நடுவே சந்தில் நுழைந்து பனிக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும். பனி உடைந்து விழுகிற சத்தம் அறைக்குள் கேட்கும் என்று போட்டிருந்தது.

"சின்னதுலயே போவோம். கூத்து பாக்கவா போறோம்?" என்றாள் மனைவி. அரை நிமிஷம் கூட யோசிக்கவில்லை.

எனக்குத்தான் யோசனை. ஏழு நாள் பயணத்தில் மலையைப் பார்ப்பது மொத்தமே ஒன்றரை நாள். மீதி நாளெல்லாம் கப்பலில்தான் குடித்தனம். படியில் தடுக்கி விழுந்தால்? கப்பல் ஆடி வாந்தி வந்தால்? இப்படி நான் அடுக்க, அவள் சொன்னாள்:

"இந்த வீட்டுலயும்தான் இருக்கோம். எனக்கு அந்த அலமாரிக் கதவு போதும்னு இருக்கலயா? குடித்தனம் எப்பிடியும் பண்ணிக்கிடலாம். வெளிய என்ன தெரியுதுன்னு மட்டும் பாருங்க."

மகள் எங்களிடம் பேசும் தமிழ் அவளுக்கே தயக்கமானது. "அப்பா, அம்மா சொல்லிட்டாங்க இல்ல? போதும், நான் புக் பண்றேன். ஓகே சொல்லு."

நான் ஓகே சொல்லவில்லை. "ரெண்டுதான இருக்கு. மூணாவதா ஒண்ணு வரட்டும்" என்றேன். என் வாயிலிருந்து அது மூச்சு விடுவதுபோல வந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். நடுவில் மிச்சமிருந்த அந்தக் கொஞ்சம் பார்வையால்தான் பார்த்திருப்பாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

சிஞ்ச்வடில் ஒரு டிராவல் ஏஜெண்டைப் பிடித்தேன். முப்பது வயசு மராத்திக்காரன், பொறுமைசாலி. நடுத்தர அளவில் மூன்றாவதாக ஒரு கப்பல் இருப்பதாகவும், அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்பதாகவும் சொன்னான். அவர்களிடமிருந்து 'விரைவில் பதில் அனுப்புகிறோம்' என்று ஒரு மெயில் வந்தது. விரைவில் என்ற வார்த்தையை முப்பத்தொரு வருடம் பார்த்தவன் நான். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைவிடத் தெரிந்தவன் யார்? இருந்தும் காத்திருந்தேன். வாரத்துக்கு ஒரு ரிமைண்டர் அனுப்பினேன். காத்திருந்த நேரத்தில் சும்மா இராமல் கட்டம் போட்டு ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தேன். மேலே மூன்று கப்பல். மூன்றாவதன் கீழே மட்டும் காலி. பக்கவாட்டில் அறை, படி, லிஃப்ட், மரக்கறிச் சாப்பாடு, டாக்டர், கப்பல் ஆடும் அளவு, பால்கனி, பனிக்கும் கப்பலுக்கும் உள்ள தூரம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இருபத்திரண்டு வரிசை. அவற்றையே கேள்விகளாக்கி அந்தக் கம்பெனிக்கும் அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். பனியின் தூரம்தான் காட்சி வரிசை, அதற்குப் பத்து அல்ல, இருபது மார்க். அதைக் கூட்டி வைத்ததில் எனக்கு ஒரு பெருமை வேறு. மனைவி விருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்திருக்கிறேனாம்.

மே போனது, ஜூன் போனது. ஏஜெண்ட் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டான். "காகா, புக் கரூன் டாகா" என்றான். சித்தப்பா, பதிவு பண்ணித் தொலையுங்கள் என்று அர்த்தம். தொலையுங்கள் என்பதை அவன் சொல்லவில்லை, நான் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் பால்கனியிலிருந்து பக்தி-சக்தி சௌக் என்ற நாற்சந்தியின் பெரிய தேசியக் கொடி தெரியும். காற்றும் மழையும் பலமாக இருக்கும் நாட்களில் அதை இறக்கிவிடுவார்கள். அந்த மழைக்காலத்தில் அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் திசையில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடுவாள். கொடியை இறக்கிவிட்டார்களா, தன் கண்ணில் இறங்கிவிட்டதா என்று தெரியாமல் நிற்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. உள்ளே போய் மெயிலைத் திறந்து பார்த்தேன்.

செப்டம்பர் முடிந்தது. இனி அடுத்த மே மாதம்தான் என்றான் ஏஜெண்ட். வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். "சரி" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குளிர்காலத்தில் மளமளவென்று குறைந்தது. மாவை கிரைண்டருக்கு வெளியே ஊற்றினாள். பக்கத்து வீட்டு அம்மா எதிரே வந்து சிரித்தும் இவள் பேசாமல் போக, அந்த அம்மா கோபித்துக்கொண்டார். நான் போய் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும். வலது கண்ணில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் தெரிகிறது என்றாள். காலையில் அலமாரிக் கதவைத் திறந்தால், முதலில் ஒரு பார்வையில் முடித்த மலையை இப்போது துண்டு துண்டாகத் தேடிச் சேர்ப்பாள். அடுப்பில் பால் பொங்கும். நான் ஓடிப் போய் அணைப்பேன்.

பிப்ரவரியில் நான் அட்டவணையைத் திருத்தினேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன். இதுவரைக்கும் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். இனி அவளுக்கு மலையால் என்ன பயன், கப்பலாவது சுகமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கைப்பிடிக் கம்பி, லிஃப்ட், பாட்டுக் கச்சேரி, மெத்தை, சுடச்சுடச் சாப்பாடு இவற்றுக்கெல்லாம் மார்க்கை ஏற்றினேன். காட்சி என்ற வரிசையை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு, புதுத்தாளில் அந்த வரிசை இல்லாமல் சுத்தமாக எழுதினேன். மூன்றாவது கொட்டேஷனுக்கும் அவசியமில்லாமல் போனது. பெரிய கப்பல் எங்கேயோ உயரத்தில் ஜெயித்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் சாப்பிட வந்தாள். தாளை அவளிடம் நீட்டி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டு என்றேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. நான் ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தேன். வரிசையாக வாசித்தாள். மனைவி ரசம் ஊற்றிப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கேட்டாள்.

"மலைக்கு எத்தன மார்க்கு?"

மகள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அம்மா, அது... அது இதுல இல்ல" என்றாள்.

மனைவியின் கை தட்டில் நின்றது.

"எடுத்துட்டியளா?"

"இல்ல, உனக்கு வசதியா இருக்கட்டுமேன்னு..."

"நான் இன்னும் பாத்துட்டுதான் இருக்கேன்" என்றாள். சத்தம் போடவில்லை. "காலைல கூட பாத்தேன். கொஞ்சம் கொஞ்சமாத்தான், ஆனா முழுசும் பாத்தேன். டாக்டரே இன்னும் என் கண்ணு போயிட்டுன்னு சொல்லல. நீங்க சொல்லிட்டிய."

அதற்கு மேல் அந்தச் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஏன் கிழித்துப் போடவில்லை என்று தெரியவில்லை. பேப்பரைக் கிழிக்கும் பழக்கம் எங்கள் டிபார்ட்மென்டில் கிடையாது.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே ஏஜெண்டின் ஷட்டருக்கு முன்னால் நின்றேன். சின்னக் கப்பல், எந்தத் தேதியானாலும் சரி, உடனே பதிவு பண்ணு என்றேன். வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக ஒரே கொட்டேஷனில் ஆர்டர். அவன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். நூறு பேர் கூட ஏறாத கப்பல். மே முதல் செப்டம்பர் வரை ஒரு அறை இல்லை. அந்தக் கப்பலுக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே சொல்லி வைப்பார்களாம். போன வருடமே கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். பெரிய கப்பலில் ஜூனில் இடம் இருக்கிறது, போடட்டுமா என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன். தூரத்திலிருந்தாவது பார்க்கலாம் என்றேன். அவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, அண்ணாந்தபடி சோபாவில் இருந்தாள்.

"தூரத்துல இருந்து பாக்க கண்ணு எங்க இருக்கு எனக்கு? சின்னதுன்னா முகத்துக்கு நேர வந்து நிக்கும், துண்டு துண்டாவாவது பாத்திருப்பேன். வேண்டாம் விடுங்க."

நான் எதை அடித்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுக்க விளங்கியது. பார்வை குறையக் குறைய அவளுக்கு மலை இன்னும் கிட்டே வேண்டியிருந்தது. நானோ மலையைத் தள்ளிவிட்டு மெத்தைக்கு மார்க் போட்டிருக்கிறேன். அவளோடு முப்பத்தைந்து வருடம் இருந்தும் அவள் பக்கம் நின்று ஒரு தடவை பார்க்கத் தெரியவில்லை. அன்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இப்போது ஆகஸ்ட். மேயில் டாக்டரம்மா ஒரு ஆபரேஷன் செய்து பார்த்தார். பார்வை போவது நிற்கவில்லை. ஜூலையில் ஒருநாள் காலை அவள் அலமாரிக் கதவைத் திறந்து, தலையைத் தூக்காமல், நேராகக் கையை விட்டு டப்பாவை எடுத்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். காப்பி முன்னைப் போலவே இருக்கிறது, அளவெல்லாம் அவள் கைக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை காலை அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோது என் மொபைலில் மெயில் வந்த சத்தம் கேட்டது. மூன்றாவது கப்பல் கம்பெனி. தாமதத்துக்கு வருந்துகிறோம், அலுவலகம் மாறியதில் உங்கள் கடிதம் கவனிக்கப்படாமல் போய்விட்டது என்று ஆரம்பித்து, என் இருபத்திரண்டு கேள்விகளுக்கும் வரிசையாகப் பதில் அனுப்பியிருந்தார்கள். இப்படி ஒழுங்கான கொட்டேஷனை என் சர்வீஸிலேயே பார்த்ததில்லை.

"யாரு?" என்றாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன்.

அவள் டைனிங் டேபிளைத் தடவி டம்ளரை வைத்தாள். "அது மலைக்குப் பக்கத்துல போவுதா?"

தேடிப் பார்த்தேன். பத்தொன்பதாவது பதில். மூன்று கப்பல்களில் அதுதான் மிகக் கிட்டே போகிறது. லிஃப்டும் இருக்கிறது.

"போவுது" என்றேன்.

"மூணு ஆயிட்டுல்லா" என்றாள். "அந்தக் காலிக் கட்டத்த எழுதி முடிச்சிருங்க."

கேலியா கோபமா என்று அவள் முகத்தில் தேடினேன். இரண்டுமில்லை. சும்மா, அடுப்பை அணைக்கச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் எழுந்து போய்ப் பழைய அட்டவணையை எடுத்து வந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்து, பேனாவைத் திறந்தேன். எழுதுகிற சத்தம் கேட்கிறதா என்று அவள் காதைச் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தாள்.